தணல் மேலே இருக்கிறது: ஏர் ஃபிரையரில் அடைத்த பூசணி

மலேசியாவில் ஹீவூட் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது சுங்கை சிப்புட் டவுனில் இருப்பவர்

அடைத்த பூசணியை ஏர் ஃபிரையரில் வைத்தால் மேலே கருகுகிறது, உள்ளே வேகமாட்டேன் என்கிறது என்று இங்கே ஒரு சகோதரி எழுதி வருத்தப்பட்டிருந்தார். எனக்கும் இரண்டு முறை அப்படித்தான் ஆனது. மூன்றாவது முறை கரண்டி வைத்தால் வழிந்து வரும் அளவுக்கு வெந்திருந்தது. வழி சொல்லிக் கொடுத்தவர் என் அம்மா. வயது 79. முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர்ப் பால் எடுத்து, உழைத்தவர். மின்சாரச் சாமான் எதையும் தொட யோசிப்பவர். அவர் சொன்னது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏர் ஃபிரையரைத் தீபாவளிக்குத் தம்பி வாங்கி வந்தான். நான்கு லிட்டர் கூடை, 1,500 வாட். கோழி, மீன், உருளைக்கிழங்கு எல்லாம் நன்றாக வந்தன. அப்பளம் மட்டும் காற்றில் எழும்பிப் போய் மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாழையிலைக்கு வரும்போது தேவைப்படும்.

ஒருநாள் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) பட்டர்நட் பூசணி கண்ணில் பட்டது. பேரிக்காயைப் பிடித்து நீட்டிவிட்டது போன்ற வடிவம், வெளிறிய மஞ்சள் தோல். நம் மஞ்சள் பூசணிக்கு உறவுதான், ஆனால் சதை கெட்டி, இனிப்பும் கூடுதல். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இரவில் சோற்றுக்குப் பதிலாக இதில் கடலைப்பருப்பு அடைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில், குளிக்கும் இடத்தின் ஓரமாகப் படர்ந்த கொடியில் காய்த்த பூசணியை அம்மா காய்ந்த இறால் அடைத்துச் செய்வார். அந்த ருசியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

இந்தக் காயின் கழுத்துப் பகுதி முழுக்கச் சதை. விதைக்குழி அடிப்பகுதியில் மட்டும்தான். அதனால் முதல் முறை கழுத்தை வெட்டிச் சாம்பாருக்கு எடுத்து வைத்துவிட்டு, குண்டான அடிப்பகுதியைக் கிண்ணம்போல நிறுத்தினேன். ஊறவைத்துக் கரகரவென்று அரைத்த கடலைப்பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், சோம்பு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். எல்லாம் பச்சையாகவே உள்ளே போனது. 180 டிகிரி, 25 நிமிடம் என்று வைத்தேன். பன்னிரண்டாவது நிமிடமே தீய்ந்த வாடை. திறந்தால் தேங்காய் கரியாகிவிட்டிருந்தது. கிண்ணம் உயரமாக நின்றதால் அடைத்ததன் உச்சிக்கும் கம்பிக்கும் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. கரியைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால் அடியில் பருப்பு மாவு மாவாகவே கிடந்தது. காயின் சுவரில் கத்தி இறங்கவில்லை.

இரண்டாவது முறை காயை நீளவாக்கில் பிளந்து, சூட்டை 160-க்குக் குறைத்து, நேரத்தை 40 நிமிடமாகக் கூட்டினேன். கருகவில்லை. ஆனால் மேல்பகுதி காய்ந்த மண்ணாங்கட்டி மாதிரி இறுகிவிட்டது, சதை நறுக்நறுக்கென்று இருந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, "பல்லுக்கு ஆகவில்லை, நீ சாப்பிடு" என்றார். அவருக்காகச் செய்தது அவருக்கே ஆகவில்லை என்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் பசியாறிய பிறகு அம்மாவே கேட்டார்: "அந்தச் சட்டியைக் கொண்டு வா, எப்படி வேகிறது என்று பார்ப்போம்." கூடையை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். மேலே சுருள் கம்பி, அதற்கும் மேலே காற்றாடி. கீழே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து சொன்னார்: "தணல் மேலே அல்லவா இருக்கிறது? இது நாம் கேக் சுட்ட சட்டி மாதிரி."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டி தெரியும். தீபாவளி நெருங்கினால் லயத்து வாசலில் இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, கேக் தகரத்தை உள்ளே வைத்து, வாயை ஒரு தகட்டால் மூடி, தகட்டின்மேல் கொட்டாங்குச்சித் தணலை அள்ளிப் போடுவார்கள். கீழே கித்தா (ரப்பர் மர) விறகு எரியும். மலாய்க்காரர்கள் பஹுலு என்ற சின்ன முட்டைக் கேக்கைச் சுடும் பித்தளை அச்சுக்கும் இப்படித்தான் மேலும் கீழும் தணல். ஏர் ஃபிரையரை ஃபிலிப்ஸ் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது 2010-இல். மேலே தணலை வைத்துப் பண்டத்தை வேகவைக்கும் கை அம்மாவுக்கு அதற்கு நாற்பது ஆண்டு முன்பே பழகியிருந்தது. வித்தியாசம், இதில் காற்றாடி அந்தச் சூட்டைச் சுழற்றி அடிக்கிறது. காற்று போய்த் தொடும் இடமெல்லாம் வேகும். தொட முடியாத இடம் காத்துக்கொண்டு கிடக்கும்.

அம்மா அதைத் தன் வார்த்தையில் சொன்னார்: "காயின் வயிற்றை முதலிலேயே நிரப்பிவிட்டால் சூடு எந்த வழியாக உள்ளே போகும்? வெறும் காயை முதலில் வேகவை. அடைப்பதைத் தனியாக வேகவைத்து எடுத்துக்கொள். இரண்டும் வெந்த பிறகு சேர்த்துவை."

நான் செய்த தவறு அவ்வளவுதான். குழி காலியாக இருந்தால் சூடான காற்று வெளித்தோலையும் உட்சுவரையும் சேர்த்தே தாக்குகிறது. இரண்டு பக்கமும் வேகும். பச்சைப் பருப்பைத் திணித்துவிட்டால் அதுவே மூடியாகிவிடுகிறது, அந்த மூடியும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்து கருகுகிறது.

இப்போது செய்வது இப்படி. ஏறக்குறைய 700 கிராம் காயை நீளவாக்கில் பிளந்து விதையை வழித்தெடுக்கிறேன். கழுத்துச் சதையிலும் கரண்டியால் ஒரு வாய்க்கால்போலக் குடைந்துவிட்டால் அடைக்க நீளமான பள்ளம் கிடைக்கும். குடைந்த சதையை வீணாக்க வேண்டாம், அடைக்கும் கலவையில் சேர்த்துக்கொள்ளலாம். உட்புறம் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் தடவி, பிளந்த பக்கம் மேலே பார்க்க 180 டிகிரியில் 25 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்திருக்கும், குழியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். நான் ஒருமுறை விட்டுவிட்டேன், அடைத்தது கஞ்சியாகிவிட்டது. கத்தி தடையில்லாமல் இறங்கினால்தான் அடுத்த வேலை. இறங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள், அவசரப்பட வேண்டாம்.

அது வேகும் நேரத்தில் அடுப்பில் கடலைப்பருப்பை விரலில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, சோம்பு, வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கழுவிய காய்ந்த இறால் இரண்டு பிடியை அதில் வதக்கிப் பிரட்டிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை என்றால் இறால் இல்லை. தேங்காய்த் துருவலைக் கடைசியில், அதுவும் அடியில் போகும்படி சேர்க்கிறேன். இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலும் ஊற்றுங்கள். அடைப்பது கொஞ்சம் ஈரமாகவே இருக்கட்டும், காற்று மிச்சத்தை உறிஞ்சிவிடும்.

அடைத்த பிறகு வாழையிலை. அம்மாவின் யோசனை இதுவும். கேக் சட்டியில் மேலே சிவப்பது கூடிவிட்டால் தணலைக் கொஞ்சம் தள்ளிவிடுவார்களாம். இங்கே தணலைத் தள்ள முடியாது, அதனால் இலையால் மறைக்கச் சொன்னார். இலையை அனலில் வாட்டி, காயின் மேல் போர்த்தி, தென்னை ஈர்க்கை ஒடித்து நான்கு இடத்தில் சதையோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். சும்மா மேலே போட்டால் அப்பளத்துக்கு நேர்ந்ததுதான் நேரும். இலை எழும்பிக் கம்பியைத் தொட்டால் தீப்பிடிக்கும். 170 டிகிரியில் எட்டு நிமிடம் இலையோடு, பிறகு ஈர்க்கைப் பிடுங்கி இலையை எடுத்துவிட்டு மூன்று நிமிடம் திறந்தபடி.

இலையைப் பிரித்தபோது வந்த வாசனைக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கரண்டியால் ஓரத்தை வழித்து, ஆற ஊதி, பருப்போடு சேர்த்து வாயில் வைத்தார். பாதிக் காயை முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. தோல் மட்டும் தட்டில் ஓடம்போலக் கிடந்தது.

கூலிம் பக்கத்திலிருந்து, ஒயரிங் வேலை செய்பவர்

அக்கா, சமையல் பக்கத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் பிளக் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் என் பாட்டி வீட்டில் நேரில் பார்த்தது இது. பழைய லயத்து வீடு, அடுப்பங்கரையில் ஒரே ஒரு சுவர்ப் பிளக். அதிலிருந்து நீட்டிப்பு ஒயர் இழுத்து, அதில் சோற்றுச்சட்டி, தண்ணீர் கெட்டில், ஏர் ஃபிரையர் மூன்றையும் சொருகியிருந்தார்கள். பூசணி நாற்பது நிமிடம் வெந்தது. முப்பதாவது நிமிடம் பிளாஸ்டிக் உருகும் வாடை. பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. பலகைச் சுவர் வேறு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கணக்குப் பார்த்தால் புரியும். நம் நாட்டு மூன்று பின் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். 240 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3,100 வாட் தாங்கும். ஏர் ஃபிரையர் 1,500, கெட்டில் 2,000, சோற்றுச்சட்டி 700 என்றால் 4,200 ஆகிவிடுகிறது. கோழிக்கறிக்குப் பதினைந்து நிமிடம் ஓடி நிற்பது வேறு, பூசணிக்கு நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓடுவது வேறு. மெல்லிய நீட்டிப்பு ஒயருக்குச் சூடேற அந்த நேரம் போதும். தயவுசெய்து ஏர் ஃபிரையரை நேராகச் சுவர்ப் பிளக்கில் தனியாகச் சொருகுங்கள். பின்பக்கம் சூடான காற்று வெளியே வரும், பலகைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 1,500 வாட் நாற்பது நிமிடம் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்தான். சூடு ஏறியதும் அது விட்டுவிட்டு எரிவதால் அதற்கும் குறைவாகவே வரும்.

எங்கள் வீட்டில் அடைப்பது தகரத்தில் வரும் சார்டின் மீன். தகரத்தைத் திறந்து, குழம்பை வற்றவிட்டு, வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினால் போதும். பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வெறும் காயை முதலில் வேகவைக்கும் யோசனையை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன்.

பந்திங்கிலிருந்து ஒரு தாய்

பூசணிக்குப் பதில் சுரைக்காயில் செய்யலாமா என்று யாராவது யோசித்தால், செய்யலாம், நன்றாகவே வரும். ஆனால் அடைப்பதற்கு முன் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுக்க எறிந்துவிடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலியோரம் தானாக முளைத்த சுரைக்கொடி அது. காய் இளசாக, பார்க்க அவ்வளவு அழகு. ருசி பார்க்காமல் பிளந்து, கோழிக்கொத்துக்கறி அடைத்து ஏர் ஃபிரையரில் வைத்தேன். முதல் வாயிலேயே கசந்தது. மசாலா தீய்ந்திருக்கும் என்று நினைத்து நான்கு வாய் சாப்பிட்டுவிட்டேன். என் மாமியார் நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்து, "வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்காதே" என்று தட்டுகளை எல்லாம் வாங்கிவிட்டார். ஒரு மணி நேரத்தில் எனக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். அங்கே டாக்டர் விளக்கினார்: சுரை, பூசணி, வெள்ளரி வகைக் காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு, நாம் வளர்க்கும் ரகங்களில் அது மிகக் குறைவு, சில கொடிகளில் கூடிவிடும், சமைத்தாலும் போகாது. பாகற்காய்க் கசப்பு வேறு, அதைச் சாப்பிட்டுப் பழகிய நாம் இதையும் கசப்புதானே என்று விழுங்கிவிடுகிறோம். மாமியார் மட்டும் அன்று இல்லையென்றால் என் சின்னவன் சாப்பிட்டிருப்பான். அந்தக் கொடியை என் வீட்டுக்காரர் அன்றைக்கே வேரோடு பிடுங்கினார்.

மீண்டும் சுங்கை சிப்புட்

பந்திங் சகோதரி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தோட்டத்திலும் காம்பை வெட்டியதும் நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காயைப் பிளப்பார்களாம், ஏன் என்று யாரும் சொன்னதில்லையாம். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கூலிம் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு நீட்டிப்பு ஒயரைக் கழற்றிவிட்டேன். கெட்டிலை இப்போது முன்வாசல் அறையில் வைத்திருக்கிறேன்.

வாழையிலை கிடைக்காதவர்கள் அலுமினியத் தாள் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பயன்படுத்தலாம், காயின் ஓரத்தில் இறுக்கி மடித்துவிட வேண்டும், வாசனைதான் வராது. இலை என்றால் ஈர்க்கைக் கால் மணி நேரமாவது தண்ணீரில் ஊறவையுங்கள். நேற்று நான் மறந்துவிட்டேன், நுனி புகைய ஆரம்பித்தது. நான் கூடையை இழுப்பதற்குள் முன்வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் வந்தது: "ஈர்க்கை நனைத்தாயா?"