புதுப்பிப்பு: குதிரைக்குக் காமாலை இல்லை

போன வாரம் என் பெண்குதிரையின் ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 4.8 மில்லிகிராம் என்று வந்ததும், மஞ்சள் காமாலையோ என்று பதறி எழுதியிருந்தேன். கல்லீரலில் குறை இல்லை. கல்லீரல் நொதியான ஜிஜிடி சரியாகவே இருக்கிறது. குதிரை இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டாலே பிலிரூபின் இப்படி ஏறிவிடுமாம். இவள் தீனி எடுக்காததற்குக் காரணம் பல்: கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. அரைகுறையாக மென்ற புல்லை உருண்டை உருண்டையாகத் துப்பியது அதனால்தான். டாக்டர் பல்லை அராவிவிட்டார். நேற்று எடுத்ததில் பிலிரூபின் 1.6.

அப்புறம், அன்று 54 சதவீதம் என்று கூடுதலாகக் காட்டிய பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு). ஊசியைக் கண்டு மிரண்டதில் மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. இந்த முறை கழுத்தைத் தடவிக்கொடுத்து, அவள் அமைதியான பிறகு எடுத்தோம்: 39. இன்று காலை கொள்ளு வாளியைப் பார்த்ததும் கனைத்தாள்.