குடும்பக் குழு (அமெரிக்கக் கால்பந்துப் பேச்சு): ரெவிஸும் ப்ரௌனரும் வந்த மார்ச்

12 மார்ச் 2014, புதன்

டென்வர் அக்கா: தம்பி, எழுந்துவிட்டாயா? உங்கள் பேட்ரியட்ஸ் அணியின் கார்னர்பேக் தாலிப் எங்கள் டென்வர் அணிக்கு வந்துவிட்டார். ஆறு வருடம், 57 மில்லியன் டாலர். என் மகன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, காலையில் காலேஜ் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் விழவில்லை.

நான்: பார்த்தேன் அக்கா. நேற்று ராத்திரியிலிருந்து மனசே சரியில்லை. ஜனவரியில் உங்கள் ஊரில் நடந்த ஆட்டத்தில் உங்கள் வெல்கர் வந்து மோதி தாலிப் வெளியே போன நிமிஷமே எங்கள் கதை முடிந்துவிட்டது, அதற்கு அப்புறம் உங்கள் டெமேரியஸ் தாமஸைப் பிடிக்க ஆளே இல்லை, 134 யார்டு எடுத்துக்கொண்டு போனார். 26-16. அதற்கு முந்தின வருடம் பால்டிமோரிடம் தோற்றபோதும் இதேதான், தாலிப் ஆரம்பத்திலேயே அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம் ஒரே ஒருவர் உடம்பை நம்பி மொத்தப் பின்வரிசையையும் கட்டியிருக்கிறோம். இப்போது அந்த ஒருவரும் இல்லை.

அக்கா மகன்: மாமா, உங்களை ஜெயித்து நாங்கள் என்ன கண்டோம், சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் சியாட்டிலிடம் 43-8 என்று அடி வாங்கினோம். அன்றைக்கு நான் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அதனால்தான் எங்கள் அணியும் இப்போது தடுப்பாட்டத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறது.

அம்மா: யார் அந்த தாலிப்? அடிபட்டு நொண்டிக்கொண்டே போனானே, அந்தப் பையனா?

நான்: அவர்தான் அம்மா.

அம்மா: பாவம். எனக்கு ஒன்று சொல்லுங்கள், இந்த கார்னர் என்கிறவன் என்னதான் செய்கிறான்? அவனிடம் பந்தே வருவதில்லையே.

ஜெர்சி மாமா: அக்கா, அவன் பக்கம் பந்து வரவில்லை என்றால் அவன் வேலையை ஒழுங்காகச் செய்கிறான் என்று அர்த்தம். எறிகிற பந்தைப் பிடிக்க ரிசீவர் ஓரமாக ஓடுவான், கார்னர்பேக் அவனை ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும், அதுவும் பாதித் தூரம் பின்னால் பார்த்தபடி. நான் காலேஜில் கபடி ஆடினேனே, ஞாபகம் இருக்கிறதா, மூலையில்தான் நிற்பேன். பாடி வருகிறவன் எந்தக் காலை முன்னால் வைக்கப் போகிறான் என்பதில்தான் கண் இருக்கும். முதல் எட்டிலேயே அவன் தாளத்தைக் கெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதுவும் அப்படித்தான்.

அம்மா: முழங்காலில் ரத்தத்தோடு வீட்டுக்கு வருவாயே, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜெர்சி மாமா: எல்லோரும் கேளுங்கள்! டேம்பா பே அணி கார்னர்பேக் ரெவிஸை விட்டுவிட்டது! செய்தி வந்துவிட்டது!

அக்கா மகன்: நிஜமாகவா? போன வருடம்தானே உங்கள் ஜெட்ஸுக்கு, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து வாங்கினார்கள்?

ஜெர்சி மாமா: ஆமாம். ஆறு வருடம் 96 மில்லியன் என்று ஊரெல்லாம் பேசினார்கள், ஆனால் அதில் ஒரு டாலருக்குக்கூட உத்தரவாதம் கிடையாது. வருடம் 16 மில்லியன், வேண்டாம் என்றால் எந்த நஷ்டமும் இல்லாமல் அனுப்பிவிடலாம். பயிற்சியாளர் மாறினார், அனுப்பிவிட்டார்கள். 28 வயதுதான் அவனுக்கு. முழங்கால் தசைநார் கிழிந்து திரும்பி வந்து ஒரு முழு சீசன் ஆடிவிட்டான். எங்களிடம் பணம் இருக்கிறது, எங்கள் கார்னர் குரோமார்ட்டியையும் விட்டுவிட்டார்கள், இடம் காலியாகத்தான் கிடக்கிறது. கூப்பிட்டால் வந்துவிடுவான்.

(இரவு)

நான்: மாமா, என்மேல் வருத்தப்படாதீர்கள். ரெவிஸ் எங்களிடம் வருகிறார். ஒரு வருடம், 12 மில்லியன்.

டென்வர் அக்கா: மாமா படித்திருப்பார், ஒன்றும் எழுதவில்லை.

ஜெர்சி மாமா: சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவது. 2009 செப்டம்பரில் பையனைக் கூட்டிக்கொண்டு பழைய ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன், எதிரில் உங்கள் பேட்ரியட்ஸ்தான். உங்கள் ரிசீவர் ராண்டி மாஸ் எங்கே போனாலும் ரெவிஸ் பின்னாலேயே போனான். நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அந்த இரண்டு பேரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸுக்கு அன்றைக்கு மொத்தம் 24 யார்டு. 16-9 என்று ஜெயித்தோம், திரும்பி வரும்போது ரயிலில் பையன் என் தோளில் தூங்கிவிட்டான். அந்த ரெவிஸ் இனி உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வருடத்துக்கு இரண்டு தடவை எங்களுக்கு எதிராக நிற்பான். தாங்கவில்லைடா.

நான்: புரிகிறது மாமா. எனக்கும் எங்கள் ஆட்களில் ஒருவர் போனால் அப்படித்தான் இருக்கும், தாலிப் போனதற்கே காலையில் காபி இறங்கவில்லை.

15 மார்ச் 2014, சனி

நான்: இன்னொரு செய்தி. சியாட்டிலிலிருந்து கார்னர்பேக் பிராண்டன் ப்ரௌனரையும் எடுத்துவிட்டோம். மூன்று வருட ஒப்பந்தம்.

அக்கா மகன்: மாமா, ரெவிஸ் சரி. ப்ரௌனர் எதற்கு? முதல் நான்கு ஆட்டம் தடை இருக்கிறது. தடை விழுந்ததால்தான் அவர் சூப்பர் பவுலிலேயே ஆடவில்லை. ஆகஸ்டில் 30 வயது ஆகிவிடும். ஓட்டமும் அவ்வளவு வேகம் கிடையாது, அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்கு ஒரு ஃபவுல் கொடியாவது விழும்.

நான்: நீ சொன்னது எல்லாமே உண்மை. ஆனாலும் எனக்கு ரெவிஸை விட இவர் வந்ததில்தான் சந்தோஷம் அதிகம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான்: ரெவிஸ் ஒரு பக்கத்தைத் தனியாகப் பூட்டிவிடுவார், அந்தப் பக்கம் பின்னால் காவல் நிற்கிற சேஃப்டியின் உதவி தேவையே இல்லை. அப்போது எங்கள் சேஃப்டி மெக்கோர்ட்டி சும்மா ஆகிறார், அவரை அடுத்த பக்கத்துக்கு அனுப்பலாம். அந்த அடுத்த பக்கத்தில் ப்ரௌனர் நின்றால் அவர் வேகமாக ஓட வேண்டியதே இல்லை, பின்னால் காவலுக்கு மெக்கோர்ட்டி இருக்கிறார். ப்ரௌனரின் வேலை முதல் ஐந்து யார்டு மட்டும்தான். அதற்குள் ரிசீவரைத் தொடலாம், தள்ளலாம், விதி அனுமதிக்கிறது. அவர் உயரம் ஆறடி நான்கு அங்குலம், எடை 100 கிலோ. பழைய சியாட்டில் ஆட்டம் ஒன்றை நேற்று போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்து கிளம்பும் நேரத்தில் அவர் கால் நகரவே இல்லை, இரண்டு உள்ளங்கையும் ரிசீவரின் நெஞ்சில் போய்ப் பதிகிறது, அந்த ஆள் அப்படியே நின்ற இடத்தில் நிற்கிறார், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அவர் வர வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அங்கே யாரும் இல்லை.

ஜெர்சி மாமா: முதல் எட்டிலேயே தாளத்தைக் கெடுப்பது.

நான்: அதேதான் மாமா! இன்னொன்றும் இருக்கிறது. இவர் கல்லூரி முடித்ததும் நேராக மேலே வந்தவர் இல்லை. கனடாவில் கால்கரி அணிக்கு நான்கு வருடம் ஆடி, 2011இல்தான் சியாட்டிலுக்கு வந்தார், வந்த வருடமே ஆறு பந்து பறித்தார். அங்கே இருந்த மூன்று வருடமும் இன்றைய சாம்பியன் அணியின் ரிசீவர்களோடு தினமும் பயிற்சியில் மோதியவர். அவர்கள் எப்படி நிற்பார்கள், எப்படிக் கிளம்புவார்கள் என்று தெரிந்த ஒருவர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார், அதைக் காசு கொடுத்துப் பயிற்சியில் வாங்க முடியாது.

டென்வர் அக்கா: எங்களுக்கு தாலிப், டிஜே வார்ட், டெமார்கஸ் வேர் என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள் தம்பி. பார்ப்போம்.

அம்மா: பேசினது போதும். மாவு பொங்கி வழிகிறது, கீழே வா.

2 பிப்ரவரி 2015, திங்கள் (நள்ளிரவு தாண்டி)

நான்: சூப்பர் பவுலில் சியாட்டிலை ஜெயித்துவிட்டோம், 28-24!!! அம்மா இன்னும் சோபாவில் உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே திரும்பவும் பனி ஆரம்பித்துவிட்டது, போன வாரம் கொட்டினதையே இன்னும் முழுதாக அள்ளி முடிக்கவில்லை, காலையில் கார் எடுக்க முடியாது, போகட்டும்.

டென்வர் அக்கா: வாழ்த்துகள்டா தம்பி. நவம்பரில் எங்களை 43-21 என்று அடித்தபோதே எனக்குத் தோன்றியது.

அக்கா மகன்: மாமா, கடைசியில் பந்தைப் பறித்த அந்த 21ஆம் நம்பர் யார்? நான் பெயரே கேள்விப்பட்டதில்லை.

நான்: மால்கம் பட்லர். வெஸ்ட் அலபாமா என்கிற சின்னப் பல்கலைக்கழகம், டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, போன மே மாதம் முயற்சி முகாமுக்கு வந்து இடம் பிடித்தவர். இன்றைக்குக்கூட முதலில் ஆட்டத்தில் இல்லை, இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்கள்.

ஜெர்சி மாமா: மனசு கேட்காமல் ரெவிஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். சியாட்டில் ரிசீவர் பால்ட்வின் டச்டவுன் போட்டபோது நடுவர் குறுக்கே வந்துவிட்டார், அதற்கு அவன் என்ன செய்வான். மற்றபடி பால்ட்வினுக்கு ராத்திரி முழுக்க அந்த ஒரே பந்து, 3 யார்டு.

அக்கா மகன்: சியாட்டிலின் அந்த கிறிஸ் மேத்யூஸ்தான் உங்களை முடித்துவிடுவார் என்று நினைத்தேன். 109 யார்டு.

நான்: நானும் பயந்துவிட்டேன். ஆறடி ஐந்து அங்குலம், எங்கள் ஆட்கள் தலைக்கு மேலே எடுக்கிறார். அப்புறம் ப்ரௌனரை அவர்மேல் போட்டார்கள், அதோடு அடங்கியது. இரண்டு பேருமே கனடாவில் ஆடிவிட்டு வந்தவர்கள்.

நான்: ஆனால் நான் எழுத வந்தது கடைசி ஆட்டத்தைப் பற்றி. எல்லோரும் பட்லரைத்தான் காட்டுகிறார்கள், காட்டத்தான் வேண்டும். திரும்பப் போடும்போது பட்லரைப் பார்க்காதீர்கள், அவருக்கு முன்னால் நிற்கிற 39ஆம் நம்பர் ப்ரௌனரைப் பாருங்கள். சியாட்டிலிடம் பந்து, கோட்டுக்கு ஒரு யார்டு தூரம், மீதி 26 வினாடி. வலது பக்கம் அவர்கள் இரண்டு ரிசீவர்கள் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். முன்னால் கியர்ஸ், பின்னால் லாக்கெட். கியர்ஸ் ஓடிப் போய்ப் பட்லரின் வழியை மறிக்க வேண்டும், அந்த இடைவெளியில் லாக்கெட் உள்ளே வந்து பந்தை வாங்க வேண்டும், இதுதான் திட்டம். பந்து கிளம்புகிறது. ப்ரௌனர் இரண்டு கையையும் கியர்ஸ் நெஞ்சில் வைக்கிறார். கியர்ஸ் ஒரு எட்டுகூட முன்னால் போகவில்லை. மறிக்க வேண்டியவர் வரவே இல்லை, பட்லருக்கு வழி திறந்து கிடக்கிறது, நேராகப் பந்துக்கு ஓடுகிறார்.

ஜெர்சி மாமா: இப்போதுதான் திரும்பப் பார்த்தேன். அப்பா! அந்தக் கையைப் பார். கியர்ஸோடு இரண்டு வருடம் பயிற்சியில் மோதியவன் இல்லையா.

அக்கா மகன்: மாமா, மார்ச்சில் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா: அந்த உயரமான பையன்தானே? எனக்கு அவனை முதலிலிருந்தே பிடிக்கும்.

11 மார்ச் 2015, புதன்

ஜெர்சி மாமா: வந்துவிட்டான்! ரெவிஸ் வீட்டுக்கு வந்துவிட்டான்! ஐந்து வருடம், 70 மில்லியன். அலமாரியில் மடித்து வைத்திருந்த 24ஆம் நம்பர் பச்சைச் சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

டென்வர் அக்கா: மாமா இவ்வளவு சந்தோஷமாக எழுதி எத்தனை நாளாயிற்று.

நான்: சந்தோஷம் மாமா, மனசாரச் சொல்கிறேன். ஒரு வருடம் ஆடினார், கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இதற்கு மேல் நான் என்ன கேட்பது.

அம்மா: உயரமான பையன் இருக்கிறான் இல்லையா?

நான்: இல்லை அம்மா, ப்ரௌனரையும் வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் பெலிச்சிக் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்.

அம்மா: அப்போது மூலையில் யார் நிற்பது?

நான்: 21ஆம் நம்பர் நிற்பான் அம்மா.