‘ஆல்மா’ குறும்படத்தில் அச்சம் எங்கே தொடங்குகிறது?

தெம்பனிஸ் வாசகி:
வணக்கம். ரொட்ரிகோ பிளாஸ் 2009இல் இயக்கிய ‘ஆல்மா’ என்ற அசைவூட்டக் குறும்படத்தை, உயர்நிலை 1இல் படிக்கும் என் மகளோடு நேற்றிரவு பார்த்தேன். ஆறு நிமிடம்கூட ஓடாத, வசனமே இல்லாத அந்தப் படத்தில், பனி மூடிய தெருவில் வரும் ஆல்மா என்ற சிறுமி, பல பெயர்கள் எழுதப்பட்ட சுவரில் தன் பெயரையும் எழுதுகிறாள். அங்குள்ள கடையில் தன்னைப் போலவே இருக்கும் பொம்மையைக் கண்டு உள்ளே போய், அதைத் தொட்டதும் அதற்குள்ளேயே அடைபட்டுவிடுகிறாள். கடைசியில்தான் பயந்ததாக மகள் சொல்கிறாள். எனக்கோ, பூட்டியிருந்த கதவு தானாகத் திறந்தபோதே நெஞ்சு படபடத்தது. படத்தைப் பற்றித் தமிழில் எழுத முனைந்திருக்கும் அவளுக்கு இதை எப்படி விளக்குவது?

ஈசூன் வாசகர்:
சகோதரி, முச்சக்கர மிதிவண்டியில் வரும் பொம்மையை மகளுக்குக் காட்டுங்கள். அது வாசலை நோக்கி விரைகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. அந்தப் பொம்மை தப்பிக்கப் பார்க்கிறது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது, சிறுமிக்குப் புரியவில்லை. மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்வையாளருக்கு 15 நொடி அதிர்ச்சி, முன்பே தெரிந்திருந்தால் 15 நிமிடத் தவிப்பு என்று திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கியது இதைத்தான். கடைசியில் வருவது அதிர்ச்சி. அதுவரை நம்மை இருக்கையில் கட்டிப்போடுவது இந்தத் தவிப்பு.

ஜூரோங் வாசகி:
மிதிவண்டிப் பொம்மையைப் பற்றி ஐயா சொன்னது சரியே. ஆயினும் அச்சத்தின் விதை அந்தச் சுவரில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். முதல்முறை பார்க்கும்போது பிள்ளை விளையாட்டாகத் தோன்றும் பெயர்கள், மறுமுறை பார்க்கும்போது காணாமல் போனவர்களின் பட்டியலாகிவிடுகின்றன. ஸ்பானிய மொழியில் ‘ஆல்மா’ என்றால் ஆன்மா. வீட்டை எழுதிக் கொடுப்பதுபோல அவள் தன் உயிரையே எழுதிக் கொடுத்துவிடுகிறாள். இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை கூப்பிடும்வரை பதில் சொல்லக் கூடாது என்று என் பாட்டி எச்சரிப்பார். பெயரைக் கொடுத்தால் ஆளையே கொடுத்ததாகும் என்ற அந்தப் பழைய அச்சத்தையே இப்படமும் தொடுகிறது. மகளை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் வாசகி:
இருவருக்கும் நன்றி. இன்று மீண்டும் பார்த்தோம். சுவர் தெரிந்ததுமே மகள் படத்தை நிறுத்தச் சொன்னாள். கட்டுரையை அங்கிருந்தே தொடங்கியிருக்கிறாள். மிதிவண்டியில் தப்ப முயன்றவனின் பெயரும் அந்தச் சுவரில் இருக்குமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறாள்.