போஸ்ட்கிரஸ்: எல்விஎம் ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டால் சில நாள் மட்டும் சர்வர் ஏறவில்லை

கேள்வி:
போஸ்ட்கிரஸ் 16 டேட்டாபேஸ், ரெட் ஹாட் 9 லினக்ஸ், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. டேட்டா ஒரு எல்வி (எல்விஎம் பிரித்துத் தரும் டிஸ்க் பகுதி), பிஜி_வால் (மாற்றங்களை முன்கூட்டியே பதியும் 'வால்', அதாவது WAL பதிவேடு இருக்கும் டைரக்டரி) இன்னொரு எல்வி. டேட்டாபேஸ் ஓடும்போதே ஸ்கிரிப்ட் முதலில் வாலையும் சுமார் 15 விநாடி கழித்து டேட்டாவையும் ஸ்னாப்ஷாட் (அந்த நொடி நிலையின் பிரதி) எடுக்கிறது. மீட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஏறிவிடுகிறது. சில நாள் மட்டும் 'வேலிட் செக்பாயிண்ட் ரெக்கார்டு கிடைக்கவில்லை' என்று பேனிக் ஆகி சர்வர் நின்றுவிடுகிறது (செக்பாயிண்ட்: நினைவகத்திலுள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடித்த புள்ளி). வாலைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் பிஜி_ரீசெட்வால் ஓட்டலாமா?

பதில் 1:
ஓட்டாதீங்க. அது பிழைச்செய்தியைத்தான் மறைக்கும், சிதைந்த டேட்டா அப்படியே இருக்கும். ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னால் ஒரு செக்பாயிண்ட் கொடுத்து, இரண்டையும் அடுத்தடுத்து உடனே எடுத்துப் பாருங்க.

பதில் 2:
ரீசெட்வால் வேண்டாம் என்பது சரி. மற்றது இடைவெளியைச் சுருக்குமே தவிர மூடாது. அந்த 15 விநாடிக்குள் ஒரு செக்பாயிண்ட் முடிந்தால், டேட்டா பக்கமுள்ள பிஜி_கண்ட்ரோல் (கடைசி செக்பாயிண்டைக் குறித்துவைக்கும் கோப்பு) புதிய செக்பாயிண்டைக் காட்டும். முன்பே எடுத்த வால் ஸ்னாப்ஷாட்டில் அந்தப் பதிவே இருக்காது. அதுதான் உங்க பேனிக். ஆனால் பயப்பட வேண்டியது ஒழுங்காக ஏறிய நாட்களைப் பற்றி. வாலில் பதிவு இல்லாத மாற்றங்கள் டேட்டா பக்கங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம். சர்வர் ஏறும், இண்டெக்ஸும் டேபிளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பழைய பிரதிகளை பிஜி_ஆம்செக் (சிதைவைக் கண்டறியும் கருவி) போட்டுச் சோதிங்க.

டேட்டா, வால் இரண்டும் ஒரே எல்வியில் இருந்தால் ஒரே ஸ்னாப்ஷாட் போதும். மின்சாரம் போய் வந்தது மாதிரி தானே மீண்டுகொள்ளும். பிரித்தே வைக்க வேண்டுமென்றால் வால் ஆர்க்கைவிங் (வால் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவைப்பது) கட்டாயம். ஆர்க்கைவ்_மோடை இயக்க ஒரு ரீஸ்டார்ட் வேண்டும். பிறகு ஒரே பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரஸின் கட்டளைவரிக் கருவி) அமர்வில் பிஜி_பேக்கப்_ஸ்டார்ட் (இரண்டாவது அளவுரு ட்ரூ, இல்லாவிட்டால் செக்பாயிண்ட் நிதானமாக முடியும்வரை காத்திருக்கும்), அங்கிருந்தே \! (ஷெல் கட்டளை ஓட்டுவது) போட்டு டேட்டா எல்விக்கு மட்டும் ஸ்னாப்ஷாட், உடனே பிஜி_பேக்கப்_ஸ்டாப். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த பேக்கப் செல்லாது.

கேள்வி கேட்டவர்:
ஸ்டாப் மூன்று நெடுவரிசை தருகிறதே, அதை என்ன செய்வது? டேட்டா டைரக்டரியில் பேக்கப்_லேபிள் எதுவும் வரவில்லை.

பதில் 2:
வராது. லேபிள்ஃபைல் நெடுவரிசையை ஒரு எழுத்தும் மாறாமல் பேக்கப் பிரதியின் மேல்மட்டத்தில் பேக்கப்_லேபிள் என்ற பெயரில் எழுதணும். ஓடும் சர்வரின் டைரக்டரியில் வைத்துவிடாதீங்க. அது கிராஷ் ஆனால் திரும்ப ஏறுவதே சிக்கலாகும். டேபிள்ஸ்பேஸ் (டேட்டா டைரக்டரிக்கு வெளியே டேபிள்களை வைக்கும் இடம்) இருந்தால் மூன்றாவது நெடுவரிசை டேபிள்ஸ்பேஸ்_மேப் ஆகும். மீட்கும்போது போஸ்ட்மாஸ்டர்.பிஐடியை நீக்கி, பிஜி_வால் காலி டைரக்டரியாக இருக்க, ரீஸ்டோர்_கமாண்டும் (ஆர்க்கைவிலிருந்து வால் கோப்புகளை எடுத்துவரும் கட்டளை) வெற்று ரிகவரி.சிக்னல் கோப்பும் வையுங்க. 'லேபிள் இல்லாமலே ஏறுதே' என்று பேக்கப்_லேபிள் கோப்பை மட்டும் அழிக்கக் கூடாது. ரிகவரி தவறான இடத்திலிருந்து தொடங்கிவிடும்.

பதில் 3:
எல்விஎம் பக்கம் இரண்டு விஷயம். நகலெடுத்து முடிவதற்குள் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது மொத்தமாகச் செல்லாமல் போகும். நகல் ஓடும்போது எல்விஎஸ் கட்டளை காட்டும் டேட்டா சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருங்க. அதே சர்வரில் மவுண்ட் செய்ய நோயுயுஐடி ஆப்ஷன் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) என்று எக்ஸ்எஃப்எஸ் மறுத்துவிடும்.