ஈஸ்டர் ஸ்டிக்கர்: வாட்ஸ்ஆப்பில் தொகுப்பு ஏறவில்லை, எழுத்தும் உடைகிறது

அகல்விளக்கு:
ஈஸ்டருக்கு 14 ஸ்டிக்கர் தயார். எல்லாம் 1080க்கு 1080 பிஎன்ஜி. இரண்டு மட்டும் அசைபவை (கல்லறைக் கல் உருளுவது, பாஸ்கா திரி எனும் ஈஸ்டர் மெழுகுவர்த்தி எரிவது). தொகுப்பாக்கினால் மொத்தமும் நிராகரிக்கப்படுகிறது. டிசைன் மென்பொருளில் 'தெ'யின் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சாட்டில் "உயிர்த்தெழுந்தார்" படிக்கவே முடியவில்லை. எங்கே தவறு?

சதுரம்512:
அசைவதையும் அசையாததையும் ஒரே தொகுப்பில் கலந்ததுதான் முதல் தவறு. ஒரு தொகுப்புக்குக் குறைந்தது 3, அதிகபட்சம் 30. ஆக, அசைபவை தனியாகப் போக இன்னும் ஒன்று வேண்டும். ஒவ்வொன்றும் சரியாக 512க்கு 512, வெப்பி (WebP) வடிவம், பின்னணி வெறுமை. அசையாதது 100 கேபிக்குள், அசைவது 500 கேபிக்குள், 10 நொடிக்குள். ஸ்டிக்கர் தட்டில் தொகுப்பின் அடையாளமாகத் தெரியும் சின்னப் படம் 96க்கு 96, 50 கேபிக்குள். இதைத்தான் பலரும் மறப்பார்கள்.

கல் உருளும்போது பின்னணியும் சேர்ந்து நகர்ந்தால் ஃபைல் ஊதிவிடும். கல்லை மட்டும் நகர்த்துங்கள். திரிக்கு 8 ஃபிரேம் தாராளம்.

ஒற்றைக்கொம்பு:
கொம்பு இடம் மாறுவது ஃபான்ட் கோளாறு இல்லை; மென்பொருள் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் தனித்தனியாக வைக்கிறது. போட்டோஷாப் என்றால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான லேஅவுட்டை இயக்குங்கள். இங்க்ஸ்கேப்பில் தானாகவே சரியாக வரும். படமாகத்தானே போகிறது என்று பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத பழைய ஃபான்டுக்குத் தாவாதீர்கள், பிறகு திருத்தும்போது அழுவீர்கள்.

"உயிர்த்தெழுந்தார்" 9 எழுத்து. ஓரம் 16 பிக்சல் விட்டால் மிஞ்சுவது 480, எழுத்துக்கு 53தான். சாட்டில் சுருங்கும்போது புள்ளி காணாமல் போகிறது. இரண்டு வரியாக்குங்கள்: உயிர்த் / தெழுந்தார். "உயிர் / த்தெழுந்தார்" என்று உடைக்கக் கூடாது. வரி மெய்யெழுத்தில் தொடங்காது. மேல் வரி 'ர்' காலை நீட்டும், கீழ் வரியின் புள்ளியில் இடிக்கிறதா பாருங்கள். பலூ தம்பி மாதிரி தடித்த ஃபான்ட் நல்லது. வெள்ளை லில்லி, வெள்ளை எழுத்து இரண்டுக்கும் முதலில் கருஞ்சிவப்புக் கோடு, அதற்கு வெளியே 8 பிக்சல் வெள்ளைக் கோடு. இல்லாவிட்டால் வெளிர் பின்னணியில் கரைந்துவிடும்.

பாஸ்கா:
தேதியோ வருடமோ போடாதீர்கள், ஈஸ்டர் நாள் ஆண்டுதோறும் மாறும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. கீழைத் திருச்சபைகள் பலவற்றுக்கு 2026இல் ஏப்ரல் 12. பாஸ்கா திரியில்தான் சிக்கல்: சிலுவை, ஆல்பா, ஒமேகாவோடு அந்த ஆண்டின் 4 இலக்கமும் அதில் இருக்கும். இலக்கத்தைத் தனி லேயரில் வையுங்கள்.

புனித வெள்ளிக்கும் ஸ்டிக்கர் உண்டென்றால் அதில் "வாழ்த்துகள்" வேண்டாம், அது பாடுகளின் நாள். "அல்லேலூயா"வும் கூடாது, கத்தோலிக்க வழிபாட்டில் தவக்காலம் முழுக்க அது ஒலிக்காது, சனி இரவுத் திருவிழிப்பில்தான் திரும்பி வரும். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று ஒன்று போட்டால், பதிலுக்கு அனுப்ப "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்றும் ஒன்று வேண்டும். அதையே மூன்றாவது அசையும் ஸ்டிக்கராக்கிவிடலாமே.