‘அடுக்குப்பெயர்வு’: ஆஸ்திரேலிய அரசியலரின் பதவி நகர்வுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் நகரமன்றத்திலிருந்து மாநில நாடாளுமன்றத்துக்கும், அங்கிருந்து கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கும், சில வேளைகளில் எதிர்த்திசையிலும் செல்லும் அரசியலரின் நகர்வைக் குறிக்க இவ்விழையில் இதுவரை ‘படியேற்றம்’, ‘தளத்தாவல்’, ‘அவைமாற்றம்’ ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் பொதுவாழ்வில் உள்ளவர்களின் பதவி வரலாறுகளோடு பொருத்திப் பார்த்த பின், ‘அடுக்குப்பெயர்வு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

‘படியேற்றம்’ என்பதற்கு ஆதரவு மிகுதியாக இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். உள்ளாட்சி கீழ்ப்படி, மாநிலம் நடுப்படி, கூட்டாட்சி நாடாளுமன்றம் உள்ள கான்பெரா உச்சி என்னும் எண்ணமே அச்சொல்லுக்கு அடிப்படை. அந்த எண்ணத்துக்குச் சான்றாக இழையில் சுட்டப்பட்டவர் இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட சமந்தா ரத்னம் அவர்கள். அவர் 2012இல் மெல்பர்னின் வடபகுதியிலுள்ள மோர்லண்ட் நகரமன்றத்துக்குப் பசுமைக் கட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 2015இல் மேயரானார், 2017இல் விக்டோரிய மேலவைக்குச் சென்று, மாநிலத்தில் தம் கட்சியின் தலைவரும் ஆனார். இதுவரை அது படியேற்றம்தான். ஆனால் மேலவைக்குச் செல்வதற்கு முன்பே, 2016இல், அவர் வில்ஸ் என்னும் கூட்டாட்சித் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றிருந்தார். மேலவையிலிருந்து விலகி 2025இல் மீண்டும் அதே தொகுதியில் நின்று தோற்றார். முதல் முயற்சியே நடுப்படியைத் தொடாமல் உச்சியை நோக்கி இருந்தது என்பதைச் சான்று சுட்டியவர்கள் கவனிக்கவில்லை என்று கருதுகிறேன். முன்னாள் தலைமை அமைச்சர் காஃப் விட்லமின் வரலாறும் இவ்வாறானதே. 1948இல் சதர்லண்ட் உள்ளாட்சித் தேர்தலிலும், 1950இல் மாநிலத் தேர்தலிலும் தோற்றவர், 1952இல் கூட்டாட்சித் தொகுதியான வெரிவாவில் வென்றார். அவர் எந்தப் படியிலும் ஏறி வரவில்லை.

திசை மாறிய வரலாறுகள் இன்னும் வலுவான மறுப்பைத் தருகின்றன. குளோவர் மூர் 1988 முதல் நியூ சவுத் வேல்ஸ் மாநில நாடாளுமன்றத்தில் சுயேச்சை உறுப்பினராக இருந்தவர். 2004இல் சிட்னி மேயரான பிறகும் மாநிலப் பதவியை விடாமல் இரண்டையும் வகித்தார். ஒருவரே இரண்டையும் வகிக்கக் கூடாது என்று 2012இல் மாநில அரசு சட்டம் இயற்றியபோது, அவர் மாநிலத் தொகுதியைத் துறந்து மேயர் பதவியையே வைத்துக்கொண்டார். இதை ‘படியிறக்கம்’ என்று ஓர் அகராதி பதிவு செய்யுமானால், சிட்னி வாக்காளர்களும் மூரும் ஏற்காத ஒரு மதிப்பீட்டை அகராதியே திணிப்பதாகும். குவீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனை எடுத்துக்கொண்டால் இது மேலும் தெளிவாகும். அந்நகரின் உறுப்பினர்கள் 26 வட்டங்களிலிருந்து முழுநேர ஊதியத்துடன் பணியாற்றுகிறார்கள்; கட்சிகள் வெளிப்படையாகப் போட்டியிடுகின்றன; மேயரை நகரம் முழுவதும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு கூட்டாட்சித் தொகுதியின் வாக்காளர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் என்றால், பிரிஸ்பேன் மேயருக்கு வாக்களிப்போர் பல லட்சம் பேர். அப்பதவியிலிருந்து கான்பெராவில் அமைச்சரல்லாத உறுப்பினரின் பின்வரிசை இருக்கைக்குச் செல்வதை ஏற்றம் என்று எவ்வாறு சொல்வது? பிரிஸ்பேன் மேயராக 2004 முதல் இருந்த கேம்ப்பெல் நியூமன் 2011இல் மாநில நாடாளுமன்றத்துக்கு வெளியிலிருந்தபடியே லிபரல் நேஷனல் கட்சியின் தலைவராக முடிந்ததும், 2012இல் நேராக மாநில அரசின் தலைமைக்கு வந்ததும் மேயர் பதவிக்கு இருந்த அந்த எடையால்தான்.

‘தளத்தாவல்’ என்பதை ஏற்க இயலாமைக்குக் காரணம், ‘கட்சித் தாவல்’ என்ற வழக்கு நம் காதில் நிலைத்துவிட்டதே. தாவல் என்றவுடன் கொள்கையை விட்டவர் என்ற குற்றச்சாட்டும் உடன் வருகிறது. தாஸ்மேனியாவின் டெவன்போர்ட் மேயராக இருந்த ஸ்டீவ் மார்ட்டினின் வரலாறு, அடுக்கு மாறுவதையும் கட்சி மாறுவதையும் ஏன் பிரித்தே சொல்ல வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கூட்டாட்சி மேலவையான செனட்டில் அவரது கட்சித் தலைவர் ஜாக்கி லாம்பியின் இடம் காலியாகி, அது மார்ட்டினுக்கு வரவிருந்தபோது, மேயர் பதவி அரசமைப்பின் 44ஆம் பிரிவு தடை செய்யும் ‘ஆதாயம் தரும் பதவி’ ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. ஆகாது என்று நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்ததால் மார்ட்டின் செனட்டரானார். அதே ஆண்டு மே மாதத்தில் அவர் நேஷனல் கட்சியில் சேர்ந்தார். முதல் நிகழ்வு நமக்கு வேண்டிய கருத்து. இரண்டாவது கட்சி மாற்றம். ஒரே ஆளிடம் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரண்டுக்கும் ‘தாவல்’ என்றே எழுதினால் வாசகர் குழம்புவார்.

‘அவைமாற்றம்’ நல்ல சொல்தான், ஆனால் வேறொரு கருத்துக்கு உரியது. கூட்டாட்சி அரசியலரான பார்னபி ஜாய்ஸ் 2013இல் செனட்டிலிருந்து கீழவைக்கு வந்தார். அவை மாறியது, அரசு மாறவில்லை. இச்சொல்லை அத்தகைய நகர்வுக்கே ஒதுக்கி வைக்கலாம்.

‘பெயர்வு’ நமக்கு இடப்பெயர்விலும் புலம்பெயர்விலும் பழகியது. எங்கிருந்து எங்கு என்பதைச் சொல்ல இடம் தருவது. உயர்வு, தாழ்வு சொல்லாதது. ‘அடுக்கு’ என்பதற்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் ‘மூன்றடுக்கு ஊராட்சி முறை’ என்றால் சிற்றூராட்சி, ஒன்றியம், மாவட்டம் ஆகிய மூன்றும் உள்ளாட்சிக்குள்ளேயே அடங்கும். ஆஸ்திரேலியாவில் மூன்று அடுக்குகள் என்பன உள்ளாட்சி, மாநிலம், கூட்டாட்சி. அதிலும் உள்ளாட்சியைப் பற்றிக் கூட்டாட்சி அரசமைப்பில் ஒரு சொல்லும் இல்லை. அதைச் சேர்க்க 1974இலும் 1988இலும் நடந்த பொது வாக்கெடுப்புகள் தோற்றன. ஆகவே வரையறையில் ‘அரசடுக்கு’ என்று விரித்து எழுதுவது நலம்.

கான்பெராவை உள்ளடக்கிய தலைநகர ஆட்சிப்பகுதி இதற்குக் கடினமான சோதனை. அங்கு தனி நகரமன்றம் இல்லை. சட்டமன்றமே நகரப் பணிகளையும் பார்க்கிறது. அதன் முதலமைச்சராக 2011 முதல் 2014 வரை இருந்த கேட்டி காலகர் 2015இல் செனட்டுக்குச் சென்றதை எந்த அடுக்கிலிருந்து பெயர்ந்ததாகக் கொள்வது? மாநிலத்துக்கு இணையான அடுக்கு என்று கொண்டு குறிப்பில் விளக்கலாம் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ‘முதல்வர்’ என்ற சொல்லைத் தவிர்க்குமாறு அகராதியின் பதிப்புக் குழுவை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டு வாசகருக்கு அது மாநில அரசின் தலைவர். இலங்கை வழக்கிலோ மாநகர முதல்வர் என்பவர் மேயர். ஆஸ்திரேலியத் தமிழரில் இரு வழக்கினரும் இருக்கிறார்கள். நியூமனைப் பற்றிய வாக்கியத்தில் ‘மேயர்’, ‘முதலமைச்சர்’ என்று எழுதினால் இருவருக்கும் பொருள் ஒன்றாகவே இருக்கும்.

பதிவுக்கு நான் முன்வைக்கும் வரையறை இது: “அடுக்குப்பெயர்வு — தேர்தல் அரசியலில் இருப்பவர் ஓர் அரசடுக்கின் பதவியிலிருந்து மற்றோர் அரசடுக்கின் பதவிக்குச் செல்லுதல், திசையும் இடைவெளியும் பொருட்டல்ல.” இடைவெளியைச் சேர்த்ததற்குக் காரணம் பாப் கார். 2005இல் நியூ சவுத் வேல்ஸ் முதலமைச்சர் பதவியை விட்டவர், 2012இல்தான் செனட்டரும் வெளியுறவு அமைச்சரும் ஆனார். இரண்டு அடுக்குகளில் ஒரே நேரத்தில் பதவி வகிப்பதை, மூர் வகித்ததைப் போலவும், 1933 முதல் 1947 வரை அபர்குரோம்பி உள்ளாட்சி மன்றத்தில் இருந்துகொண்டே தலைமை அமைச்சருமான பென் சிஃப்லியைப் போலவும், ‘ஈரடுக்குப் பதவி’ என்று தனிப்பதிவாக்கலாம். அதற்கு மாற்றுச் சொல் உள்ளவர்கள் இவ்விழையிலேயே எழுதுங்கள்.