காம்போசிட் பல் அடைப்பின் வளைவு வலிமை: கல்லூரி யுடிஎம் போதுமா?

கேள்வி (இறுதியாண்டு மாணவி, திருப்பரங்குன்றம்):
வணக்கம். இயந்திரவியல் படிக்கும் நாங்கள் மூவர், பல் அடைக்கும் காம்போசிட்டின் (பல் நிறப் பிசின் கலவை) வளைவு வலிமையை, அதாவது வளைக்கும்போது முறியாமல் தாங்கும் திறனை, அளப்பதைத் திட்டப்பணியாக எடுத்திருக்கிறோம். ஐஎஸ்ஓ 4049 என்ற சர்வதேசத் தரம் கூறும் 25 × 2 × 2 மி.மீ. அளவில் ஐந்து பட்டைகள் செய்து, இரும்புக் கம்பிகளைச் சோதிக்கும் 400 கிலோநியூட்டன் யுடிஎம்மில் (பொருள்களை இழுத்தும் அழுத்தியும் வலிமை பார்க்கும் பொதுச் சோதனை இயந்திரம்) வைத்தபோது, முள் அசைவதற்குள் ஐந்துமே முறிந்துவிட்டன. பொருளில் குறையா, எங்கள் செய்முறையில் பிழையா என்று விளங்கவில்லை.

பதில் (பொருள் சோதனைக் கூடப் பொறியாளர், திருமங்கலம்):
பொருள்மீது பழி போட வேண்டாம், அம்மா. கடிக்கும் பரப்பில் வைக்கும் காம்போசிட்டுக்கு அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்ச வளைவு வலிமை 80 மெகாபாஸ்கல். தாங்கிகளுக்கு இடையே 20 மி.மீ. தூரம் வைத்துக் கணக்கிட்டால், பட்டையை முறிக்கும் விசை ஏறத்தாழ 21 நியூட்டன்தான் வருகிறது. இரண்டு கிலோ அரிசிப் பையின் எடையைவிடச் சற்றே கூடுதல். லாரியை நிறுக்கும் மேடையில் ஒரு முழம் மல்லிகையை வைத்தால் என்ன தெரியும்? 500 நியூட்டன் லோட் செல் (விசையை அளக்கும் உணரி) உள்ள சிறிய கருவி உங்களுக்குப் போதும்; நூல், துணி சோதிக்கும் கூடங்களில் கேட்டுப் பாருங்கள். வளைவு வலிமைச் சூத்திரத்தில் பட்டையின் உயரம் இருமடியில் வருவதால், 2.1 மி.மீ. உள்ள பட்டையை 2 என்று எழுதினாலே விடை பத்து விழுக்காடு பிசகும். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் மைக்ரோமீட்டரால் அளந்தே தீர வேண்டும்.

பதில் (பல் மருத்துவர், சிம்மக்கல்):
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் பட்டை செய்யும் இடத்திலும் கவனம் வேண்டும். காம்போசிட்டை இறுக வைக்கும் நீல விளக்கின் முனை 25 மி.மீ. நீளத்தை ஒரே தடவையில் மூடாது. நடுவில் தொடங்கி, ஒளிவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இருபுறமும் நகர்த்தி, பட்டையைத் திருப்பி மறுபக்கத்திலும் ஒளி பாய்ச்ச வேண்டும். பிறகு 37 டிகிரி நீரில் வைத்து, 24 மணி நேரம் ஆனபின் முறியுங்கள். முறிந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்து, ஊசி குத்தியது போன்ற குழி தென்பட்டால், காம்போசிட்டை அச்சில் அழுத்தும்போது காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தோம். இரண்டில் அந்தக் குழி இருக்கிறது. கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு பல் அடைப்புப் பொருளையும் அந்த 500 நியூட்டன் கருவியில் அழுத்திச் சோதிக்கலாமா?

பதில் (பொறியாளர்):
முடியாது. 4 மி.மீ. விட்டமுள்ள உருளை 100 மெகாபாஸ்கலில் நொறுங்கவே ஏறத்தாழ 1,260 நியூட்டன் வேண்டும். அதற்கு 5 கிலோநியூட்டன் லோட் செல்லைத் தேடுங்கள்.